உங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர்

காலம் பொன் போன்றது என்பார்கள். பொன் என்று சொல்லிவிட்டால் போதுமா? பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும், பெட்டிக்குக் காவல் வேண்டும், காவலை மேற்பார்க்க ஓர் அதிகாரி வேண்டும், அதிகாரி வந்து போக ஒரு கார் வேண்டும். குடிநீர் வாரியத்தில் நேரச் சிக்கனப் பிரிவு பிறந்தது இந்த வழியில்தான்.

அதற்கு முன்பு வாரியத்தின் கணினிகளை இரண்டு பேர் கட்டி மேய்த்தார்கள். ஒருவரை அலுவலகமே ‘கம்ப்யூட்டர் சார்’ என்று கூப்பிடும்; அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். மற்றவருக்குத் தாடி இருந்தது, ஆகவே அவர் தாடி. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் சர்வர்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அறையின் ஏ.சி. ஒழுகும், அதன் அடியில் ஒரு பச்சை வாளி இருக்கும். ஊரில் எந்தக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அந்த வாளியில் மட்டும் தவறாமல் வந்தது. தண்ணீர் பில் அடிப்பது முதல் பம்பு நிலையங்களின் அளவு வரை எல்லாம் அந்த அறை வழியாகத்தான் போயாக வேண்டும். பாஸ்வேர்டை மறந்தவர்கள், பிரிண்டரில் காகிதத்தைச் சிக்க வைத்தவர்கள், பிளக்கைச் செருகாமலே கணினி செத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பவர்கள் எல்லோரும் இந்த இருவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வேலை தலைக்கு மேலே போனபோது, மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்று இருவரும் வாய்விட்டுக் கேட்டார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். வாரியம் யோசித்தது. ஓர் ஆலோசகரை வரவழைத்தது. அவர் சர்வர் அறை வாசலில் சில நாள் நின்று, குளிர் தாங்காமல் சால்வை போர்த்திப் பார்த்துவிட்டு, இங்கே பற்றாக்குறை ஆளுக்கில்லை, நேரத்துக்குத்தான் என்று கண்டுபிடித்தார். நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒருவர் வேலை செய்வதை இன்னொருவர் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். ஆகவே தாடி, இரண்டாவது மாடியில் புதிதாகத் திறந்த நேரச் சிக்கனப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். மூன்றாவது ஆளைக் கேட்ட அறையில் இப்போது ஓர் ஆள் மிச்சம்.

தாடி தன் டம்ளரையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது முகத்தைப் பார்க்காமல் பேசினார். “கோவிச்சுக்காதடா. உன்னைத்தான் மேல போடறதா இருந்தாங்க. நீ போனா சர்வர் நின்னுடும்னு நான்தான் சொன்னேன்.”

“என் வேலைல பாதிதான உனக்குத் தெரியும். மீதியை எப்படி அளப்ப?”

“அளக்கறதுக்கு வேலை தெரிய வேண்டியதில்லையாம். தெரிஞ்சா பாரபட்சம் வந்துடுமாம்.”

கம்ப்யூட்டர் சாருக்கு வீட்டில் இருந்ததும் ஒரே ஆள்தான். அப்பா. லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தும் பழைய வகை லிஃப்டில், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து ஆயுளில் பெரும்பகுதியை மேலும் கீழுமாகக் கழித்தவர். மணி அடித்தால் போவார், அடிக்காவிட்டால் காத்திருப்பார். ஓய்வு பெற்ற அன்று அவர் கேட்டு வாங்கி வந்தது அந்த ஸ்டூல் ஒன்றைத்தான். இப்போது அவருக்கு நினைவு நழுவ ஆரம்பித்திருந்தது. செருப்பை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார். காலமாகிவிட்ட மனைவிக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைப்பார். பகலில் வீடு திடீரென்று வேறு யாருடைய வீடோ போலத் தெரியும். அப்போது பயம் வரும். பயம் வந்தால் மகனுக்குப் போன் போடுவார். அதற்காகவே மகன் பெரிய பெரிய பொத்தான்கள் வைத்த ஒரு போனை வாங்கி, காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் பேசும்படி செய்து, தன் கைப்பேசி எண்ணையும் சர்வர் அறையின் நேரடி எண்ணையும் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

“சாப்பிட்டியாடா?”

“சாப்பிட்டேம்ப்பா. அப்புறம் பேசறேன்.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி அடிக்கும். “சாப்பிட்டியாடா?”

“இப்பதானப்பா கேட்ட. வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்.”

அந்த ‘அப்புறம்’ ஒரு நாளும் வந்ததில்லை. வேலை செய்கிற பிள்ளைகளின் அப்புறம் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

டாக்டரம்மா ஒருவர் அப்பாவை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மகனைத் தனியே கூப்பிட்டார். “முழு மதியம் ஒண்ணு ஒதுக்கிக் கூட்டிட்டு வாங்க. பரிசோதனை நிறைய இருக்கு. நீங்க கூடவே உக்காரணும். அவர் மறந்ததை நீங்கதான் சொல்லணும். இப்ப அவருக்கு உங்களைத் தெரியுது. இந்த நிலைமையிலயே பிடிச்சு நிறுத்திடலாம். தள்ளிப் போடாதீங்க.”

ஒரு மதியம். உலகத்தில் இதைவிடச் சின்னதாக எதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சார் அதைக் கேட்க இரண்டாவது மாடிக்குப் போனார்.

நேரச் சிக்கனப் பிரிவின் இயக்குநர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பவர். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். அந்தந்த வேளைக்கு எது சௌகரியமோ அதைப் பார்ப்பார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அப்பாவுக்காக உண்மையாகவே உச்சுக்கொட்டினார்.

“லீவுங்கறதெல்லாம் பழைய முறைங்க. அதை எடுத்துட்டோம். இப்ப நேர சேமிப்பு. ஒவ்வொரு வேலையிலயும் நீங்க மிச்சம் பிடிக்கற நேரம் உங்க கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். சேர்ந்ததும் தாராளமா எடுத்துக்குங்க. அப்பாவுக்கு என்ன, பெரியப்பா சித்தப்பா எல்லாரையுமே கூட்டிட்டுப் போலாம்.”

“சார், டாக்டர் தேதி குடுத்துட்டாங்க.”

“அதுக்குள்ள சேர்த்துடுவீங்க. உங்க முகத்தைப் பாத்தாலே சிக்கனமா தெரியுது.”

கம்ப்யூட்டர் சார் நம்பினார். கணினியோடு பழகுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு உண்டு. சரியான கட்டளையைக் கொடுத்தால் சரியான விடை வந்தாக வேண்டும் என்று அவர்கள் மனிதர்களையும் நம்பிவிடுவார்கள்.

நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்ற பயிற்சி முதலில் வந்தது. ஒரு வாரம், தினமும் காலை முழுவதும். ஆலோசகர் திரையில் படம் போட்டுக் காட்டி விளக்கினார். ஒரு வேலை வந்தால் மூன்றே வழிதான்: உடனே செய், இல்லையா, குறித்து வை, இல்லையா, இன்னொருவரிடம் ஒப்படை. இந்த மூன்றாவதுதான் தலைவர்களின் வழி என்றார்.

“யார்கிட்ட ஒப்படைக்கறது சார்?” என்று கேட்டார் கம்ப்யூட்டர் சார். கேலிக்கு அல்ல, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“உங்க குழுவுல யாராவது இருப்பாங்கல்ல.”

“குழுவுல நான்தான் இருக்கேன்.”

ஆலோசகர் அதற்கும் வழி வைத்திருந்தார். “அப்ப உங்ககிட்டயே ஒப்படைச்சுடுங்க. ஆனா எழுத்து மூலமா இருக்கணும். இல்லேன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட ஆரம்பிச்சுடுவீங்க.”

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சார் கம்ப்யூட்டர் சாருக்குக் கோரிக்கை அனுப்பி, கம்ப்யூட்டர் சாரின் ஒப்புதலைப் பெற்று, வேலையை முடித்து, கம்ப்யூட்டர் சாருக்கு நன்றி தெரிவித்தார். ஒரு நாள் அந்தக் கோரிக்கைகளைப் பதியும் மென்பொருளே படுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்வதற்கான கோரிக்கையை அதிலேயே பதிய வேண்டும் என்று இரண்டாவது மாடி கண்டிப்பாகச் சொன்னது. அவர் முதலில் கள்ளத்தனமாகச் சரிசெய்து, பிறகு சரிசெய்ய அனுமதி கேட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. பழுது இல்லாததைச் சரிசெய்ய எதற்கு நேரம் என்று பதில் வந்தது.

அடுத்து வந்தது இடையூறற்ற நேரம். காலையில் ஒரு மணி நேரம் அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. சர்வர் அறை வாசலில் சிவப்பு விளக்கு எரியும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. முதல் நாள் விளக்கு எரிந்ததும் இயக்குநர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “யாரும் தொந்தரவு பண்ணலியே?” இல்லை என்று கம்ப்யூட்டர் சார் சொல்லி அனுப்பினார். அதை உறுதிசெய்ய உதவி இயக்குநர் வந்தார். வாரிய மலருக்குப் படம் எடுக்கிறவர் வந்து, தொந்தரவே இல்லாத முகமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் தாடி வந்தார். ஒழுகும் வாளியை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து வைத்தார்.

“மேலேருந்து உன்னைக் கவனிக்கச் சொல்லி அனுப்பினாங்க,” என்றார். “கவனிச்சேன்னு எழுதிக்கறேன். நீ வேலையைப் பாரு.”

தொந்தரவுகளில் பெரியது போன்தான் என்று பிரிவு முடிவு கட்டியது. வாசலில் ஒரு இரும்புப் பெட்டி வைத்து, காலையில் எல்லோருடைய கைப்பேசியையும் அதில் போட்டுப் பூட்டினார்கள். சர்வர் அறையின் நேரடி எண்ணை ஒரு தானியங்கி வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். இனிமேல் கூப்பிடுகிறவர் ஊழியர் எண்ணை அழுத்திவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்தால் கம்ப்யூட்டர் சார் பேசுவார். நிற்பவர்களுக்குச் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. வெளியிலிருந்து குரல் பிடித்தால் செலவு. “உங்க லைன், உங்க குரல்,” என்றார் இயக்குநர். செலவில்லாததெல்லாம் அவருக்கு நியாயமாகவே படும்.

சர்வர் அறையில் இரைச்சல். ஆகவே எழுதுபொருள் கிடங்கில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தார்கள். முதல் தடவை ஆலோசகருக்குப் பிடிக்கவில்லை. குரலில் வேலைப்பளு தெரிகிறதாம். இரண்டாம் தடவையும் பிடிக்கவில்லை.

“வீட்ல யார் இருக்கா?” என்று கேட்டார் ஆலோசகர்.

“அப்பா.”

“அப்ப அவர்கிட்ட பேசற மாதிரி பேசுங்க. அன்பா.”

கம்ப்யூட்டர் சார் அப்பாவிடம் அன்பாகப் பேசிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, மெதுவாகச் சொன்னார்: “வணக்கம். நீங்கள் கூப்பிட்டதில் மிகவும் மகிழ்ச்சி. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். கவலைப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். தயவுசெய்து காத்திருங்கள்.” ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இதுதான், இதுதான் என்றார்.

வரிசையில் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கம்ப்யூட்டர் சார் யோசனை சொன்னார். அதை இயக்குநர் திருத்தினார். “நிறைய பேர்னு சொன்னா வெச்சுடுவாங்க. வெச்சுட்டா நம்ம சேவை சரியில்லைன்னு ஆயிடும். எப்பவும் ஒருத்தர்னே சொல்லுங்க. ஒருத்தர்னா யாருக்கும் நம்பிக்கை வரும்.”

“ஊழியர் எண் இல்லாம வெளியாளுங்க யாராவது கூப்பிட்டா?”

“அவங்களுக்கும் அதையேதான் சொல்லணும். ஆனா உள்ளே இருக்கறவங்க எல்லாரும் முடிஞ்சப்பறம்தான் அவங்க முறை.”

உள்ளே இருப்பவர்களின் அழைப்பு முடிகிற நாள் எது? இந்தக் கேள்வி கம்ப்யூட்டர் சாருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொன்னதை அப்படியே கட்டளையாக எழுதினார், சோதித்தார், வேலை செய்தது. ‘உங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார்’ என்பதையும் அதே குரலில் பதிந்து சேர்த்தார். தன் வீட்டுச் சுவரில் தன் கையாலேயே எழுதி வைத்த எண்களில் இதுவும் ஒன்று என்பது அந்த நேரம் அவர் நினைவில் இல்லை. மறதி அப்பாவுக்கு மட்டும் வந்த நோய் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கொடுத்த தேதி நெருங்கியது. சேமிப்பில் ஒரு மதியத்துக்குத் தாராளமாகவே சேர்ந்திருந்தது. எடுத்துக்கொள்ளக் கேட்டார். கோரிக்கையைப் பரிசீலிக்க ஒரு குழு கூடியது. நல்ல மனிதர்கள், பொறுப்போடு பேசினார்கள். முன்னுதாரணம் உண்டா என்று ஆராய்ந்தார்கள், மதியம் என்பது எப்போது ஆரம்பிக்கிறது என்று விவாதித்தார்கள், நடுவில் சாப்பிட்டார்கள். முடிவில் ஒருமனதாக அனுமதித்தார்கள். ஆனால் கூட்டம் அவருக்காகக் கூட்டப்பட்டது. ஆகவே கூட்டத்துக்கு ஆன நேரத்தை அவர் கணக்கிலேயே கழித்துக்கொண்டார்கள். கழித்த பிறகு பார்த்தால் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

“அனுமதி அப்படியே இருக்குங்க, அது காலாவதி ஆகாது,” என்று தேற்றினார் இயக்குநர். “நேரம் மட்டும் சேர்த்துட்டு வாங்க.”

டாக்டரம்மாவிடம் வேறு தேதி வாங்கினார். அந்த வாரம் பில் அடிக்கும் சர்வர் சூடேறி நின்றது. அடுத்த தேதிக்கு, எல்லோரும் எப்படி நேரத்தைச் சேமித்தார்கள் என்று ஆராய ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். அவர் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்றார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கூப்பிட்டுத் தேதி மாற்றுவதற்கே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

கைப்பேசியில் மட்டும் ஒரு நல்ல மாற்றம் தெரிந்தது. முதலில் மாலையில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் அப்பாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக நிற்கும். பிறகு குறைந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் சாருக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவுக்குப் பயம் போய்விட்டது, தனிமை பழகிவிட்டது என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் சந்தோஷப்படவும் செய்தார். தேங்கிய வேலையை முடித்து அவர் வீடு வந்து சேரும்போது அப்பா தூங்கிவிடுவார்; காலையில் அவர் விழிப்பதற்குள் இவர் கிளம்பிவிடுவார். ஒரு மாலை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வர முடிந்தது. அப்பா கதவைத் திறந்து, “வாங்க, வாங்க, உக்காருங்க,” என்றார். பழைய கிண்டல் திரும்பிவிட்டது என்று மகன் சிரித்தார்.

பகலில் அப்பாவை எட்டிப் பார்த்துக்கொள்வது கீழ் வீட்டுத் தையல்காரம்மா. இன்னொரு நாள் வாசலில் மகனைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

“தம்பி, உங்களைப் பாராட்டியே ஆகணும். எம் பையன் வெளியூர்ல இருக்கான், வாரத்துக்கு ஒரு தடவ பேசினா அதிகம். நீங்க எவ்வளவு வேலைக்கு நடுவுலயும் அப்பாகூட நாள் முழுக்கப் பேசிட்டு இருக்கீங்க.”

“நானா?”

“உங்க குரல் எனக்குத் தெரியாதா? மேல போறப்பல்லாம் ஸ்பீக்கர்ல கேக்குதே. அவரும் சமத்தா ஸ்டூலைப் போட்டுக்கிட்டு கேட்டுட்டே இருக்கார். இப்பல்லாம் அழறதே இல்ல.”

அப்பா அழுதுகொண்டிருந்தார் என்பதே மகனுக்கு அப்போதுதான் தெரியும். டி.வி. சத்தமாக இருக்கும் என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினார். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், ஸ்டூல் சுவரோரம் போனுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவரும் படுத்துக்கொண்டார்.

பிரிவின் ஆண்டு விழா வந்தது. வாரியத்தின் பெரிய கூடத்தில் ஊழியர்களை வேலை நேரத்திலேயே உட்கார வைத்தார்கள். இயக்குநர் இரண்டு கடிகாரத்தையும் பார்த்துவிட்டுப் பேச எழுந்தார்.

“நண்பர்களே, நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இந்த வாரியத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. வீணாகும் ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்துவிடுகிறோம். பதிவாகிவிட்டால் அது எப்படி வீணாகும்? தண்ணீர் வரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். உண்மைதான், வரவில்லை. ஆனால் எவ்வளவு நேரமாக வரவில்லை என்று இதற்கு முன் யாராவது இவ்வளவு துல்லியமாகச் சொன்னதுண்டா? வேலைப்பளு, வேலைப்பளு என்கிறார்கள். என்னைப் பாருங்கள். எனக்கு வேலையே கிடையாது. ஆனாலும் எவ்வளவு பளுவைத் தாங்குகிறேன்!”

கை தட்டினார்கள். கம்ப்யூட்டர் சார் கடைசி வரிசையில் தாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு நேரத்தை அதிகம் சேமித்தவர் என்ற பரிசு அவருக்குத்தான் என்று தாடி முன்கூட்டியே காதைக் கடித்திருந்தார். பரிசு, ஒரு மதியம். முழுதாக, எதையும் கழிக்காமல். பரிசை வாங்கிய கையோடு அப்பாவைக் கூட்டிப்போவதாக டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்தாயிற்று.

“நம் தானியங்கி வரிசையின் வெற்றிக்கு ஒரே ஒரு சாட்சி போதும்,” என்று தொடர்ந்தார் இயக்குநர். “வெளியிலிருந்து ஒருவர் தினமும் கூப்பிடுகிறார். காலையில் வரிசைக்கு வந்தால் மாலையில் அலுவலகம் மூடும்வரை நிற்கிறார். ஒரு நாளும் அவர் முறை வந்ததில்லை. ஒரு நாளும் அவர் புகார் சொன்னதும் இல்லை. ஒவ்வொரு குடிமகனும் இவரைப் போல இருந்துவிட்டால் நம் நாடு எங்கேயோ போய்விடும். அவர் குரலைக் கேளுங்கள்.”

கூடத்தின் ஒலிபெருக்கியில் முதலில் கம்ப்யூட்டர் சாரின் குரல் வந்தது. கவலைப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. பிறகு ஒரு வயதான குரல் வந்தது.

“சரிடா கண்ணு. நான் இருக்கேன். நீ வேலையைப் பாரு. சாப்பிட்டியாடா?”

உங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றது மகனின் குரல்.

“பரவால்லடா, அவரையே மொதல்ல கவனி. காத்திருக்கறது எனக்குப் பழக்கந்தான. நீ வெச்சுடாம இருந்தா போதும்.”

கூடம் சிரித்தது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது. உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

“அது எங்க அப்பாடா,” என்றார்.

தாடியின் கை தட்டிய நிலையிலேயே நின்றது. “நான்தான் தேடி எடுத்துக் குடுத்தேன்,” என்றார். “வெளி நம்பர்னு மட்டும்தான் இருந்தது. சத்தியமா எனக்குத் தெரியாதுடா.”

பரிசு கொடுக்க மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் சார் அதற்குள் இரும்புப் பெட்டிக்காரரிடம் கைப்பேசியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார். தாடிதான் மேடைக்குப் போய் மதியத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அப்பா சுவரோரம் ஸ்டூலில், முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, லிஃப்டில் உட்கார்ந்திருந்த அதே விதமாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டை மாற்றியிருந்தார். சட்டைப் பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. போன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது.

“அப்பா.”

அப்பா திரும்பிப் பார்த்தார். முகத்தில் மரியாதை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. “வாங்க. கொஞ்சம் உக்காருங்க. எம் பையன் லைன்ல இருக்கான்.”

“நான்தாம்ப்பா. வந்துட்டேன். டாக்டர்கிட்ட போலாம் வாப்பா.”

அப்பா உதட்டில் விரலை வைத்தார். “கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவன் சொல்றது கேக்க மாட்டேங்குது.”

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது போன். அப்பாவின் முகம் மலர்ந்தது. வந்தவரிடம் பெருமையைப் பகிர்ந்துகொள்ளக் கொஞ்சம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்.

“முன்னல்லாம் எடுத்த உடனே, அப்புறம் பேசறேம்ப்பான்னு வெச்சுடுவான். பாவம், வேலை அப்படி. இப்ப வெக்கறதே இல்ல. எவ்வளவு நேரமானாலும் கூடவே இருக்கான்.”

கம்ப்யூட்டர் சாரின் கை போன் வயரைப் பிடுங்க நீண்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. இந்த வரிசையின் அந்தக் கடைசியில் எடுத்துப் பேச வேண்டிய ஆள் யார்? அவர் ஒருவர்தான். அவர் நாற்காலி தரைத்தளத்தில் காலியாக இருக்கிறது. வாளி நிரம்பிக்கொண்டிருக்கும்.

அவர் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அழுதார். அப்பா சங்கடப்பட்டு, முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினார்.

“உங்களுக்கும் அவன்கிட்ட ஏதாவது பேசணுமா?”

“ஆமா.”

“அழாதீங்க. நல்ல பையன் அவன், கேட்டா எதுவும் செய்வான். நான் பேசி முடிச்சதும் நீங்க பேசலாம்.”

உங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர் இருக்கிறார், தயவுசெய்து காத்திருங்கள் என்றது போன். எழுதுபொருள் கிடங்கில் பதிந்த நாளிலிருந்து அந்தக் குரல் உண்மை பேசியது அன்றைக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் சார் சுவரில் சாய்ந்துகொண்டு, அப்பாவுக்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்திருந்தார்.